தேவி என்ற பெயர் எருமைக்குப் போன விதம்

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் காசி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தேவி எப்படி இருக்கிறாள் என்று கேட்கும் தகுதி எனக்கு இப்போது இருக்கிறதா என்று தெரியவில்லை. இங்கே நான் சுகமா இல்லையா என்பது, இதை நீங்கள் படித்து முடித்த பிறகு உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நேற்று சாயங்காலம் நீங்கள் போளூரிலிருந்து போன் செய்தபோது, "எம் பொண்ணு கண்ணெல்லாம் செவந்து வந்து நிக்கறா மாப்ள. என்னம்மான்னு கேட்டா, அவரையே கேளுங்கன்றா. வாயில சொல்றதெல்லாம் எனக்கு வேணாம். நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அசல் தபால்ல, நகல் வாட்ஸ்அப்புல" என்று சொன்னீர்கள். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். சொந்தத் தம்பியின் கல்யாணப் பத்திரிகையைக்கூட தேதி போட்டு வாங்கி வைத்தவர் என்று தேவி சொல்லியிருக்கிறாள். அதனால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மேற்படி சம்பவத்தில் என் பங்கு எவ்வளவு, விதியின் பங்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தின்போது மாப்பிள்ளை கம்ப்யூட்டர் நிர்வாகி என்று உங்களிடம் சொன்னார்கள். அது பொய் இல்லை. இங்கே கலெக்டர் ஆபீசுக்குப் போகும் வழியில் எங்கள் பால் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. அங்கே உள்ள கம்ப்யூட்டர், பிரிண்டர், ஈமெயில் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. ஆனால் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, சுவிட்ச் உள்ள எந்தப் பொருளுக்கும் நான்தான் பொறுப்பு என்று. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டினாலும் காசி, லிஃப்ட் பாதியில் நின்றாலும் காசி. எங்கள் பொது மேலாளர் ராஜேந்திரன் சார் மனசால் நல்லவர், ஆனால் அவர் தொட்ட கருவி எதுவும் அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை செய்ததில்லை. ஒருநாள் மவுசு நகரவில்லை என்று மாடியிலிருந்து கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால் மூக்குப்பொடி டப்பாவைப் பிடித்து மேஜையில் தேய்த்துக்கொண்டிருக்கிறார், மவுசு பைலுக்கு அடியில் படுத்திருக்கிறது. இன்னொரு நாள் ஊரே அவரை ஒதுக்கிவிட்டது, ஒருத்தரும் போன் செய்வதில்லை என்று வருத்தப்பட்டார். வாங்கிப் பார்த்தேன், போனை விமான மோடில் போட்டிருந்தார். அவருடைய ஈமெயில் பெட்டி மாதத்துக்கு ஒருமுறை நிரம்பி வழியும், ஏனென்றால் யார் அனுப்பும் காலை வணக்கப் படத்தையும் அவர் அழிக்க விடமாட்டார். அண்ணாமலையார் படம் போட்டிருக்கிறதே, அதை எப்படிப்பா குப்பையில் போடறது என்பார்.

இவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் உரக்கச் சொல்வார். அவர் என்னைக் கூப்பிடும்போது நான் வீட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குரல் சமையலறை வரைக்கும் கேட்கும். தினமும் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஏதாவது பாஸ்வேர்டு மறக்கும். நான் வீட்டுக்கு வர இருட்டிவிடும். இப்படிப் பல நாள் ஆறிய குழம்பைச் சுட வைத்துச் சலித்துப்போன தேவி, அவருக்கு ஒரு பெயர் வைத்தாள். அந்தப் பெயர் எருமை. வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர் அது. நானும் சிரித்துவிட்டேன், கண்டிக்கவில்லை. என் பங்கு இங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நேற்றைய சம்பவம். சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு இனிப்புக் கடையிலிருந்து, கோவாவும் நெய்யும் எங்களிடம் வாங்கலாமா என்று முடிவு செய்ய, தேவிப்ரியா என்ற மேடம் வந்தார்கள். கொள்முதல் அதிகாரி. இந்த ஆர்டர் வந்தால்தான் செங்கம் பக்கத்துப் பால் சென்டர்களை மூடாமல் நடத்தலாம் என்ற நிலைமை. அங்கே பால் ஊற்றும் குடும்பங்களை எல்லாம் ராஜேந்திரன் சாருக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதனால் அவர் காலையிலிருந்தே வேர்த்து விறுவிறுத்து, வழக்கத்தைவிட ஜாஸ்தியாகக் கத்திக்கொண்டிருந்தார். நேற்று பௌர்ணமி வேறு. ஊர் முழுக்க கிரிவலக் கூட்டம். லட்சம் பேர் ஒரே ஊரில் நின்று வீடியோ கால் பேசினால் நெட்வொர்க் என்ன ஆகும், மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. சரி, கேபிள் வழியாக வரும் இன்டர்நெட் இருக்கிறதே என்று பார்த்தால், மொட்டை மாடியில் அந்தக் கேபிளில் ஒரு குரங்குக் குடும்பம் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. நான் தேங்காய் மூடியோடு மாடிக்குப் போய் அவர்களைச் சமாதானம் செய்து இறக்கிவிட்டு, கேபிளை ஒட்டிக் கீழே வருவதற்குள் மேடத்தின் கார் வாசலில் நிற்கிறது.

கூட்ட அறையில் ராஜேந்திரன் சாரின் லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். டிவி நீலமாக நின்றது. ஒயரை மாற்றினேன், துளையை மாற்றினேன், அணைத்துப் போட்டேன். நீலம்தான். மேடம் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் சதஃப் என் காதருகில் வந்து, "அண்ணா, படமெல்லாம் உங்க போன்ல இருக்குல்ல, அதையே டிவியில காட்டிடுங்களேன்" என்று சொன்னாள். நல்ல யோசனை. என் போனை டிவியோடு இணைத்தேன். ஒரே நொடியில் எங்கள் கோவா அடுப்பு சுவர் அளவுக்குத் தெரிந்தது. ராஜேந்திரன் சார் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஆனால் மாமா, போனை இணைத்தால் போனில் வருவதெல்லாம் டிவியில் வரும். செய்தி வந்து இறங்குவதை அணைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று இந்த ஆபீசில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவனே நான்தான்.

நெய்யின் சுத்தம் பற்றி சார் பேசிக்கொண்டிருக்கும்போது, டிவியின் மேல்பக்கம் மணி அடித்து ஒரு பட்டை இறங்கியது. தேவி என்று பெயர். அதற்குக் கீழே, 'எருமை இன்னும் கத்திக்கிட்டிருக்கா?'

நான் போனைத் தேடுகிறேன், போன் மேஜையின் அந்தக் கோடியில் மேடத்தின் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுக்கப் போவதற்குள் அடுத்த பட்டை இறங்கியது. 'இன்னைக்காவது அதுக்குத் தண்ணி காட்டிட்டு சீக்கிரமா வந்துடுங்க.'

சதஃப் துப்பட்டா முனையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராஜேந்திரன் சார் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருப்பா அது தேவி?" என்று கேட்டார்.

நீங்கள் என் இடத்தில் இருந்து பாருங்கள் மாமா. என் மனைவி என்று சொன்னால், அப்படியானால் எருமை யார் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது ஒருவர்தான். அவருக்கு மவுசு தெரியாதே தவிர, இதெல்லாம் சட்டென்று புரிந்துவிடும். வேலை போகும், ஆர்டர் போகும், செங்கம் பக்கத்து சென்டர்கள் போகும். யோசிக்க நேரம் இல்லை. "நம்ம எருமை சார்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது நான்தான். ஆனால் அதற்குப் பிறகு வாய் தானாகவே ஓடியது. ஒவ்வொரு எருமைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம், மாட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அனுப்பும் செய்தி அந்த மாட்டின் பெயரிலேயே நமக்கு வந்துவிடும், கத்துகிறதா, தண்ணீர் குடித்ததா என்று இங்கிருந்தே கவனிக்கலாம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "இவ்ளோ சப்ளையர்ஸைப் பாத்திருக்கேன், மாட்டுக்குத் தாகம் எடுக்குதான்னு பாக்கற கம்பெனிய இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லி, கையிலிருந்த பைலை மூடிவிட்டார்கள். அவர்களையும் வீட்டில் தேவி என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்த எருமையின் படத்தையும் விவரத்தையும் சாயங்காலத்துக்குள் ஈமெயிலில் அனுப்பச் சொன்னார்கள், அவர்கள் முதலாளிக்குக் காட்ட வேண்டுமாம். ராஜேந்திரன் சார் என் தோளில் கை போட்டு, எல்லாம் நம்ம காசி பண்ணின ஏற்பாடுதான் மேடம் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவான குரலில் சொன்னார்.

அவர்கள் கிளம்பியதும் நான் ஒரு எருமைக்கு அலைந்தேன். எங்களுக்குப் பால் ஊற்றும் பச்சையம்மாள் என்ற அம்மாவுக்குப் போன் போட்டு, உங்கள் எருமையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அதன் குணத்தையும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அந்த அம்மா, பொங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாலை போட்டு எடுத்த படத்தையே அனுப்பினார்கள். குணத்தையும் உள்ளது உள்ளபடி சொன்னார்கள். நான் ஈமெயில் எழுதினேன். அதில் எழுதியதை மறைக்காமல் கீழே தருகிறேன், ஏனென்றால் அதை நீங்கள் எப்படியும் பார்த்திருப்பீர்கள்.

'வணக்கம். தாங்கள் கேட்டபடி எங்கள் எருமை தேவியின் படத்தை இணைத்துள்ளேன். தேவி நல்ல உடற்கட்டு உள்ளவள். தீனி சற்று ஜாஸ்தி. புது ஆட்களைக் கண்டால் முறைப்பாள். மழைக்காலத்தில் சோம்பல் உண்டு. தடவிக் கொடுத்தால் அடங்கிவிடுவாள். எங்கள் பராமரிப்பில் முழுத் திருப்தியுடன் இருக்கிறாள் என உறுதியளிக்கிறேன். இப்படிக்கு, காசி.'

யாருக்கு என்ற இடத்தில் தேவி என்று அடித்தேன். மீதியை அதுவே போட்டுக்கொண்டது. இப்படி அது போட்டுக்கொள்ளும் என்பதும் ஆபீசில் நான் எடுக்கும் பாடங்களில் ஒன்று, அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பெயரைப் பாருங்கள் என்று சதஃபைத் திட்டியே இருக்கிறேன். அனுப்பிவிட்டு, நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கடிதம் தேவிப்ரியா மேடத்துக்குப் போகவில்லை. உங்கள் மகள் அருணாதேவிக்குப் போயிருக்கிறது.

அனுப்பியதைத் திரும்பப் பெற எங்கள் ஆபீஸ் ஈமெயிலில் ஒரு வசதி உண்டு. அழுத்தினேன். அது ஆபீசுக்குள் அனுப்பிய கடிதத்தைத்தான் திரும்ப எடுக்கும். வெளியே போன கடிதத்துக்கு இன்னொரு கடிதத்தைத்தான் அனுப்பும். 'எங்கள் எருமை தேவி என்ற கடிதத்தை அனுப்பியவர் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று அது போய்ச் சேர்ந்தது. இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். பதற்றத்தில் மறுபடியும் அழுத்தினேன். அது மறுபடியும் விரும்பியது. ஆகவே ஒரே எருமை உங்கள் மகள் வீட்டு வாசலில் திரும்பத் திரும்பப் போய் நின்றிருக்கிறது.

மேடத்துக்கு அதைச் சரியாக அனுப்பிவிட்டு, தேவிக்குப் போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். கிரிவலக் கூட்டத்துக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ராணியம்மாள் சாவியைக் கொடுத்தார்கள். "அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சு தம்பி. மூஞ்சே சரியில்ல. என்ன சொன்னீங்க அந்தப் பொண்ண?" என்று கேட்டார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் போன் வந்தது.

மாமா, என் வீட்டிலிருந்து ஒரு பெண் கோபித்துக்கொண்டு போனாள் என்ற பேச்சு இதுவரை வந்ததில்லை. அவளை நான் அப்படி நினைத்து எழுதவில்லை. அவள் தீனி தின்பவளும் இல்லை, சோம்பேறியும் இல்லை. முறைப்பாள், அதை மட்டும் நான் மறுக்கவில்லை. நேற்று ராத்திரி முழுக்க வீடு வீடாகவே இல்லை. அவளிடம் இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் படித்துவிட்டு, உங்களுக்கே உரிய நிதானத்தோடு அவளுக்கு எடுத்துச் சொல்லி, பஸ் ஏற்றி அனுப்பிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். அசலை நாளை தபாலில் போடுகிறேன். நகலை இப்போதே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உங்கள் எண்ணுக்கு அனுப்புகிறேன்.

அத்தையின் முழங்கால் வலி குறைய அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு, உங்கள் இருவர் காலிலும் இங்கிருந்தே விழுந்து எழுந்திருக்கும்,

உங்கள் அன்புள்ள மருமகன்,
காசி (கையெழுத்து)

பின்குறிப்பு: மாமா, மேலே உள்ள பக்கங்களைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்திருந்தால் நம்ப வேண்டாம். நடந்தது வேறு.

நகலை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அத்தையின் போனிலிருந்து தேவி கூப்பிட்டாள். "நான் எதுக்குக் கோவிச்சுக்கிட்டு வந்தேன்னு இன்னமும் உங்களுக்குத் தெரியல இல்ல?" என்று கேட்டாள். எருமை என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, அவளே பேசினாள். "ஊர்ல இருக்கற போனெல்லாம் பாக்கறீங்க. எம் போன்ல சார்ஜ் ஏறலன்னு எத்தன தடவ சொன்னேன்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னீங்களே தவிர, ஒரு நாளாவது கையில வாங்கிப் பாத்தீங்களா? நேத்து மத்தியானம் வேலைக்குக் கூப்பிடறேன்னு சொல்லியிருந்தாங்க. அந்த நேரம் பாத்து போன் செத்துப்போச்சு" என்றாள்.

ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் கணக்கு எழுதும் வேலைக்கு அவள் மனு போட்டிருந்தாளாம். என்னிடமும் சொன்னாளாம். நான் அப்போது ராஜேந்திரன் சாருக்கு டிவி ரிமோட்டில் எந்தப் பக்கம் பேட்டரி போடுவது என்று விளக்கிக்கொண்டிருந்தேனாம். அவள் போனை வீட்டிலேயே ஃபிரிட்ஜ் மேல் வீசிவிட்டுப் போயிருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் போடும் துளையில் பஞ்சும் விபூதியும் அடைத்திருந்தது. குண்டூசியால் எடுத்தேன். அவ்வளவுதான் மாமா, சார்ஜ் ஏறியது. இதற்காக என் வீட்டுக்காரி எத்தனை நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்று நினைத்தபோது, அந்தக் குண்டூசியால் என்னையே குத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

போனைப் போட்டதும் ஈமெயில் வந்து இறங்கியது. எருமையும், திரும்பப் பெற விரும்பும் கடிதங்களும், ஒன்றையும் அவள் திறக்கவே இல்லை. அத்தனையையும் அழித்தேன், குப்பையிலிருந்தும் அழித்தேன். ஒரு தடயம் கிடையாது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்த பிறகுதான், எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. அதையும் அழித்துவிடலாம் என்று போனை எடுத்தேன். எல்லாருக்கும் அழி, எனக்கு மட்டும் அழி என்று அது கேட்டது. அவசரத்தில் எனக்கு மட்டும் அழித்துவிட்டேன். இப்போது அந்தப் பக்கங்கள் என்னிடம் இல்லை, உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.

அடுத்த நிமிஷம் உங்கள் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது தேவி. "அப்பாவுக்குக் கண்ணாடியக் காணோமாம். நீங்க பக்கம் பக்கமா ஏதோ அனுப்பியிருக்கீங்களாம், என்னப் படிச்சுக் காட்டச் சொல்றாரு. இப்பத்தான் மூக்குப்பொடி டப்பா வரைக்கும் வந்திருக்கேன். நல்லாத்தான் எழுதறீங்க" என்றாள். அங்கேயே நிறுத்து என்று கெஞ்சினேன். "ஏன், கீழ என்ன இருக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

ஆகவே இதற்கு மேல் எழுதுவது மாமாவுக்கு இல்லை. தேவி, நான் போளூர் வழியாகப் போகும் வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன், இதை முழங்காலில் வைத்து எழுதி அனுப்புகிறேன், எழுத்து ஆடுவதற்குக் காரணம் ரோடு மட்டும் இல்லை. உன் போன் என் சட்டைப்பையில் இருக்கிறது, முழுச் சார்ஜ். மிஸ்டு கால் செய்தியில் வந்திருந்த விடுதி எண்ணுக்கு நானே கூப்பிட்டுப் பேசினேன். வேலையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம், நாளைக் காலையில் உன்னை வரச் சொன்னார்கள். கிளம்பித் தயாராக இரு. இரண்டாம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குத் தாண்டிவிடு, நடுவில் முக்கியமாக ஒன்றும் இல்லை. அப்பா கேட்டால் நெட்வொர்க் இல்லை என்று சொல். கண்ணாடி கிடைத்தாலும் நான் வந்து சேரும் வரைக்கும் அவரிடம் கொடுக்காதே.